ஐந்தாவதில் 282, ஆறாவதில் 240

எண்ணெய் ஊறிய சாக்கின்மேல் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்றின் பின் அச்சுப் பல் சக்கரங்களான கிரவுனும் பினியனும் கிடந்தன. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் என் தாய்மாமன் வைத்திருந்த பட்டறையில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அவற்றை மண்ணெண்ணெயில் கழுவுவது. கழுவி முடித்ததும் மாமா பல்லை எண்ணச் சொன்னார். தொடங்கிய இடம் தவறிப்போகாமல் இருக்க ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டு எண்ணினேன். பெரிய வளையமான கிரவுனில் 39. அதைச் சுழற்றும் சின்ன பினியனில் 8. வகுத்தால் 4.875: கிரவுன் ஒரு முறை சுற்ற, பினியன் அத்தனை முறை சுற்ற வேண்டும். “இந்த வண்டி நெல்லியாம்பதி மலை ஏறுவதும் இந்த எண்ணால்தான், பொள்ளாச்சி ரோட்டில் பஸ்ஸை முந்த முடியாமல் திணறுவதும் இதே எண்ணால்தான்” என்றார் மாமா.

40 பல் வைத்திருந்தால் கணக்கு முழுதாக ஐந்து என்று வந்திருக்குமே, ஏன் 39 என்று கேட்டேன். 40 ஆக இருந்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் அதே ஐந்து பற்களையே ஆயுள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் குறை இருந்தால் அந்த ஐந்தும் சேர்ந்து கெடும். 39-க்கும் 8-க்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுஎண் கிடையாது. அதனால் ஒவ்வொரு பல்லும் எதிரே இருக்கும் எல்லாப் பற்களையும் முறை வைத்துத் தொட்டு வருகிறது, தேய்மானம் சமமாகப் பரவுகிறது. ஸ்போர்ட்ஸ் கார்களின் பின் அச்சிலும் இதே வழக்கம்தான். கீழே வரப்போகும் காரில் 41-க்கு 12.

ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உச்ச வேகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் முதலில் குதிரைத் திறனைக் கேட்பார்கள், அடுத்து எத்தனை கியர் என்று கேட்பார்கள். கடைசி கியர்தான் அதிக வேகம் தரும் கியர் என்பது பெரும்பாலானோர் மனதில் ஊறிப்போன எண்ணம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கியர் வேகத்தை உண்டாக்குவதில்லை. என்ஜின் தன் முழுத் திறனையும் தருவது ஒரு குறிப்பிட்ட சுற்றில். காற்று அந்தத் திறன் முழுவதையும் கேட்பது ஒரு குறிப்பிட்ட வேகத்தில். அந்தச் சுற்றையும் இந்த வேகத்தையும் ஒரே இடத்தில் சந்திக்க வைப்பதுதான் கியர் விகிதத்தின் வேலை. சந்திப்பு தவறினால் கார் மெதுவாகும். விகிதம் கூடுதலாகி தவறினாலும் சரி, குறைவாகி தவறினாலும் சரி.

1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை செவர்லே கார்வெட்டை எடுத்துக்கொள்கிறேன். இதைவிட வேகமான கார்கள் எத்தனையோ உண்டு. ஆனால் இந்த விஷயத்தைத் தன் எண்களாலேயே இவ்வளவு தெளிவாகச் சொல்லும் காரை நான் பார்த்ததில்லை. 5.7 லிட்டர் வி8 என்ஜின். நிமிடத்துக்கு 5600 சுற்றில் 345 குதிரைத் திறன். 6000-இல் சிவப்புக் கோடு, அதாவது என்ஜின் தாண்டக்கூடாத சுற்று. மேனுவல் கியர் பாக்ஸில் ஆறு கியர்கள்: 2.66, 1.78, 1.30, 1.00, 0.74, 0.50. வெளிவரும் தண்டு ஒரு சுற்று சுற்ற என்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதைச் சொல்லும் எண்கள் இவை. பின் அச்சில் 3.42. பின் டயர் 275/40, 18 அங்குல ரிம்.

டயரிலிருந்தே தொடங்கலாம். 275 என்பது மில்லிமீட்டரில் அகலம். 40 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 40 சதவீதம், அதாவது 110 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக 220. ரிம்மின் 457-ஐச் சேர்த்தால் விட்டம் 677 மில்லிமீட்டர். சக்கரம் ஒரு சுற்று உருண்டால் கார் 2.13 மீட்டர் நகரும்.

இப்போது ஐந்தாவது கியர். என்ஜின் 5600 சுற்று சுற்றுகிறது. அதை 0.74-ஆல் வகுத்தால் கியர் பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டு 7568 சுற்று. பின் அச்சின் 3.42-ஆல் வகுத்தால் சக்கரம் 2213 சுற்று. ஒரு சுற்றுக்கு 2.13 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 4.7 கிலோமீட்டர். மணிக்கு 282. இந்தக் காரின் உண்மையான உச்ச வேகம் 280-ஐ ஒட்டியதுதான். காகிதக் கணக்கும் சாலையும் இவ்வளவு நெருங்கி வந்தது தற்செயல் இல்லை. வடிவமைத்தவர்கள் ஐந்தாவதை அதற்காகவே வெட்டியிருக்கிறார்கள்.

அதே கணக்கை ஆறாவதில் போட்டால் மணிக்கு 418 கிலோமீட்டர் என்று வருகிறது. கார் அந்த வேகத்தின் பக்கத்தில்கூடப் போகாது. ஏன்?

எங்கள் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க ஆய்வகம் வேண்டாம், கஞ்சிக்கோட்டிலிருந்து உடுமலை வரை நிற்கும் காற்றாலைகள் போதும். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகச் சுவராக நின்று பாலக்காட்டில் மட்டும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாயில் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாயும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்களில் பழமொழி. எங்கள் ஊரில் ஓட்டு வீட்டுக்காரர்கள் ஆடி பிறக்கும் முன் கூரைமேல் கல் ஏற்றி வைப்பார்கள். அந்தக் காற்று மெல்ல வீசும்போது காற்றாலை தரும் மின்சாரம் மிகக் குறைவு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் திறன் இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. மூன்று மடங்கானால் 27 மடங்கு. காற்றில் அடங்கிய திறன் அதன் வேகத்தின் கன மடியாக வளர்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார் இதே கணக்கின் மறுபக்கம். காற்றாலை நிற்கிறது, காற்று ஓடுகிறது. காரில் காற்று நிற்கிறது, கார் ஓடுகிறது. காற்றாலைக்கு வரவு, காருக்குச் செலவு. கார் இரண்டு மடங்கு வேகத்தில் போனால் நொடிக்கு இரண்டு மடங்கு காற்றை மோதுகிறது, ஒவ்வொரு மோதலும் இரண்டு மடங்கு பலத்தோடு விழுகிறது. ஆகவே தடை நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கு தடையை நொடிக்கு இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ள வேண்டும். ஆகவே எட்டு மடங்கு திறன். டயர் உருளும் உராய்வும் பல் சக்கர உராய்வும் தனிக் கணக்கு என்றாலும் 200-க்கு மேலே போகப் போக அவை காற்றின் முன்னால் சிறியவை.

இந்தக் கன மடிக் கணக்கு உண்மைதானா என்று பார்க்க புகாட்டி வேரான் நல்ல சாட்சி. 2005-இல் 1001 குதிரைத் திறனோடு 408 கிலோமீட்டரைத் தொட்டது. 2010-இல் வந்த சூப்பர் ஸ்போர்ட் வகைக்கு 1200 குதிரைத் திறன். அது எட்டிய வேகம், இருபுறச் சராசரியாக, 431. வேகம் ஐந்தரை சதவீதம்தான் கூடியிருக்கிறது. அதற்காக ஊற்றிய திறன் 20 சதவீதம். கணக்குப்படி பதினெட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. காற்று ஏமாறுவதில்லை.

கார்வெட்டுக்குத் திரும்பலாம். 282-இல் காற்று என்ஜினின் 345 குதிரைத் திறனையும் வாங்கிக்கொள்கிறது. 418-இல் போக வேண்டுமானால் அதைப்போல மூன்றே கால் மடங்கு, ஆயிரத்து நூறுக்கும் மேலே வேண்டும். இல்லை. அப்படியானால் ஆறாவதில் குறைந்தபட்சம் அந்த 282-ஆவது போகலாம் அல்லவா என்று தோன்றும். அதுவும் முடியாது, இதுதான் பலருக்கும் நம்ப முடியாத இடம்.

என்ஜினின் 345 என்ற எண் எப்போதும் கையில் இருக்கும் பணம் இல்லை. 5600 சுற்றில் மட்டுமே கிடைப்பது. ஆறாவது கியரில் 282 போகும்போது என்ஜின் சுற்றுவது சுமார் 3800 மட்டும். திறன் என்பது முறுக்குவிசையைச் சுற்றோடு பெருக்குவது. இந்த என்ஜின் தன் அதிகபட்ச முறுக்குவிசையை அந்தச் சுற்றிலேயே கொடுத்தாலும் சுமார் 250 குதிரைத் திறன்தான் வரும். காற்று 345 கேட்கிறது, என்ஜின் 250 நீட்டுகிறது. கார் வேகம் இறங்கத் தொடங்கும். வேகம் இறங்கினால் சுற்றும் இறங்கும், திறன் இன்னும் இறங்கும். காற்றின் கேள்வி அதைவிட விரைவாக இறங்குவதால் ஓரிடத்தில் இரண்டும் சமமாகின்றன. என் கணக்கில் அது 240-ஐ ஒட்டி வருகிறது. ஐந்தாவதில் 282 போகும் கார் ஆறாவதில் 240.

நான்காவதில் கதை வேறு. 6000 சுற்றில் 224 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று கேட்பது என்ஜின் தரக்கூடியதில் பாதிதான். காருக்கு மூச்சு மிச்சம் இருக்கிறது, ஆனால் சிவப்புக் கோடு தடுத்துவிடுகிறது. அதற்கு மேல் சுற்றினால் சிலிண்டருக்குள் காற்று நிரம்ப நேரம் போதாது, வால்வு ஸ்பிரிங் ஈடுகொடுக்காது. அதனால் எரிபொருளை வெட்டிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரே காரில் மூன்று எல்லைகள்: நான்காவதைச் சுற்று நிறுத்துகிறது, ஐந்தாவதைக் காற்று நிறுத்துகிறது, ஆறாவதை என்ஜினின் இளைப்பு நிறுத்துகிறது. நடுவில் இருப்பதே உயரமானது.

பிறகு ஆறாவது எதற்கு? நெடுஞ்சாலையில் மணிக்கு 100-இல் போகும்போது அந்த 5.7 லிட்டர் என்ஜின் ஆறாவதில் 1340 சுற்றுதான் சுற்றுகிறது. பெட்ரோல் மிச்சம், சத்தம் இல்லை. வேகத்துக்காக வாங்கிய காரில் இது பெரிய வசதி என்றே நினைக்கிறேன். நாள் முழுக்க உச்ச வேகத்தில் யாரும் ஓட்டுவதில்லை.

இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நான் கையில் கிரீஸோடு படித்திருந்தேன். கல்லூரிக் காலத்தில் ஓட்டிய 150 சிசி பைக்கில் முன் ஸ்பிராக்கெட் 14 பல், பின் ஸ்பிராக்கெட் 42. சரியாக மூன்று. பின்னால் 38 பல் போட்டால் விகிதம் 2.71-க்கு இறங்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக உருளும், உச்ச வேகமும் அதே அளவு ஏறும் என்று கணக்குப் போட்டேன். பாலக்காட்டில் ஸ்பிராக்கெட் வாங்கி வந்து, செயினில் இரண்டு கண்ணி எடுத்துச் சுருக்கி, பட்டறையிலேயே மாட்டினேன். மாமா பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் காற்றில்லாத நேரமாகப் பார்த்து ஆளில்லாத ரோட்டில் எடுத்தேன். முன்பு ஐந்தாவதில் 112 காட்டிய முள் 103-இல் நின்றுவிட்டது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கியும் அசையவில்லை. நான்காவதுக்கு இறக்கினேன், 108 வந்தது. ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவது, அதனால் அளவில் பிழை என்றும் சொல்ல முடியாது.

திரும்பி வந்து சொன்னதும் மாமா கேட்டது ஒரே கேள்வி: பல்லைக் குறைத்தாய், என்ஜினுக்கு என்ன கூட்டிக் கொடுத்தாய்? மூன்று என்ற விகிதத்தில் அந்தச் சின்ன என்ஜின் தன் முழுத் திறனைத் தரும் சுற்றில்தான் காற்றோடு சமமாகி நின்றிருக்கிறது. நான் அதை அந்தச் சுற்றிலிருந்து கீழே தள்ளிவிட்டேன். அன்று மாலையே 42-ஐ மாட்டினோம். வாகனம் தொழிற்சாலையிலிருந்து வந்த விகிதம் எப்போதும் சரியானது என்று நான் சொல்ல மாட்டேன். இழுவைக்காகக் கொஞ்சம் குட்டையாகவே வெட்டப்பட்ட வண்டிகள் உண்டு, அவற்றில் பல்லைக் குறைத்தால் வேகம் ஏறவும் செய்யும். எந்த வகை என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கடைசி கியரில் வண்டி முழு வேகத்தை எட்டும்போது முள் சிவப்புக் கோட்டில் இடித்து நின்றால் விகிதம் குட்டை. திறன் உச்சத்துக்கு முன்னாலேயே மூச்சு வாங்கி நின்றால் நெட்டை.

சிவப்புக் கோட்டில் இடித்து நின்ற கார்களில் புகழ்பெற்றது மெக்லாரன் எஃப்1. 6.1 லிட்டர் பிஎம்டபிள்யூ வி12 என்ஜின், சுற்று வரம்பு 7500. அந்த வரம்போடு அது எட்டிய வேகம் ஏறக்குறைய 372. 1998 மார்ச்சில் ஜெர்மனியின் எஹ்ரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில் ஆண்டி வாலஸ் அதே வகைக் காரை ஓட்டியபோது வரம்பை 8300-க்கு ஏற்றியிருந்தார்கள். கியரில் கைவைக்கவில்லை. சுற்றுக் கணக்குப்படி 8300 என்றால் 411 கிலோமீட்டர் வர வேண்டும். இருபுறச் சராசரியாக வந்தது 386.4. முதல் எல்லையான சுற்றை எடுத்துவிட்டார்கள். வேகம் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் கூடியதும் இரண்டாவது எல்லையான காற்று வந்துவிட்டது. எட்டிய வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் என்ஜின் சுமார் 7800-இல் நின்றிருக்கிறது. அந்த என்ஜின் தன் உச்சத் திறனைத் தருவது 7400-இல். அதாவது கியர் முதலிலேயே கிட்டத்தட்ட சரியாகத்தான் இருந்தது, இறுதித் துளியைத்தான் வரம்பு மறித்துக்கொண்டிருந்தது.

“இருபுறச் சராசரி” என்றேன். ஏன் இருபுறம் என்பது கணவாய்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடியில் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு வண்டி ஓட்டுவதும் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு ஓட்டுவதும் இரண்டு வேறு பயணங்கள். கார்வெட்டை அந்தச் சாலையில் கற்பனையாக விடுகிறேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது, என்ஜின் தரும் திறன் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் 282 என்பது 262-க்கு இறங்கும். முதுகில் வாங்கினால் 302-க்கு ஏறும். இதில் என்னைக் கவர்ந்தது வேகம் மட்டும் இல்லை, சுற்று. எதிர்க்காற்றில் ஐந்தாவது கியர் என்ஜினை 5200-க்கு இழுத்துவிடுகிறது, திறன் உச்சத்துக்குக் கீழே. பின்காற்றில் 302 என்பது சரியாக 6000 சுற்று, சிவப்புக் கோடு. ஒரே கியர் மேற்கே போகும்போது நெட்டை, கிழக்கே வரும்போது குட்டை. காற்றில்லாத நாளுக்கு மட்டுமே அது அளவெடுத்துத் தைத்த சட்டை. இந்த வேறுபாட்டை நீக்கத்தான் சாதனைக்காக ஓடும் கார்கள் ஒரு மணி நேரத்துக்குள் இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுக்க வேண்டும் என்பது விதி. 2019 ஆகஸ்டில் அதே எஹ்ரா-லெஸ்ஸியனில், அதே ஆண்டி வாலஸ், புகாட்டி சிரோனில் 490 கிலோமீட்டரைத் தாண்டினார். ஒரு திசையில் மட்டும் ஓடியதால் அது அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறவில்லை.

வேகத்தையே பேசிக்கொண்டு போனால் கியரின் மறுபாதி விட்டுப்போகும். மாமா பட்டறையில் நான் கழுவிய வகை வில்லிஸ் ஜீப்புக்கு 60 குதிரைத் திறன். கியர்கள் மூன்றே: 2.665, 1.564, 1.00. மலைக்கென்று இன்னொரு பெட்டி, அதில் 1.97. பின் அச்சில் அந்த 39-க்கு 8. முதல் கியரில் மலைப் பெட்டியையும் போட்டால் மொத்த விகிதம் 25.6. என்ஜினின் முறுக்குவிசை 25 மடங்கு பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது. உராய்வில் போவதைக் கழிக்காமல் பார்த்தால் டயர் தரையைத் தள்ளும் விசை ஒரு டன் எடைக்குச் சமம். ஜீப்பின் எடையே ஒரு டன்னைச் சற்றுத்தான் தாண்டும். அதே கணக்கை 282-இல் பறக்கும் கார்வெட்டுக்குப் போட்டால் அதன் டயர் தள்ளும் விசை 330 கிலோ எடை அளவு. 60 குதிரை ஜீப், 345 குதிரைக் காரைவிட மூன்று மடங்கு பலமாகத் தள்ளுகிறது. ஆனால் அப்படித் தள்ளும்போது அது போகும் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர். பல் சக்கரம் திறனைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை; விசையாக வேண்டுமா வேகமாக வேண்டுமா என்று மாற்றிக் கொடுக்கிறது. நெல்லியாம்பதி எஸ்டேட் பாதைகளில் மழைக்காலச் சேற்றில் மிளகு மூட்டையோடு ஜீப் ஊர்ந்து ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த 25.6-இன் மதிப்பு தெரியும். அதே ஜீப் சமவெளியில் நேரடிக் கியரில் 4000 சுற்றுக்கு 110 காட்டும் என்கிறது கணக்கு. நடைமுறையில் 105 போகும். அங்கேயும் கணக்கும் சாலையும் பக்கத்தில் பக்கத்தில்தான்.

டயரை யாரும் கியர் என்று எண்ணுவதில்லை, ஆனால் என்ஜினுக்கும் சாலைக்கும் நடுவில் கடைசி விகிதம் அதுதான். கார்வெட் டயரின் ரப்பர் ஆறு மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் பன்னிரண்டு குறைகிறது. அதே 5600 சுற்றுக்கு 282 என்பது 277 ஆகிவிடும். ரிம்மை மாற்றி உயரம் கூடிய டயர் போடுகிறவர்கள் தெரியாமலே பின் அச்சின் விகிதத்தை மாற்றிவிடுகிறார்கள், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும்.

பந்தயத் தடத்தில் இவ்வளவு நுணுக்கமாக உச்ச வேகத்தைத் தேட வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே நேர்ச்சாலை முடிந்துவிடும். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வேயின் மொத்தச் சுற்றளவே சுமார் 2.1 கிலோமீட்டர். இந்தியப் பந்தய உலகுக்கு ஃபார்முலா மாருதியைக் கொடுத்த கரிவரதனின் பெயரைத் தாங்கிய தடம் அது. அப்படிப்பட்ட இடத்தில், நேர்ச்சாலையின் முடிவில் பிரேக்கைத் தொடும் கணத்தில் என்ஜின் தன் சுற்று வரம்பை ஒட்டி இருக்கும்படி கடைசி கியரை வெட்டுவார்கள். அதற்கு மேல் நெட்டையாக வைத்தால் எட்டாத வேகத்துக்காக வழியெல்லாம் இழுவையை இழந்ததாகும். ஃபார்முலா ஒன்றில் 2013 வரை அணிகள் ஒவ்வொரு தடத்துக்கும் ஏற்ப விகிதங்களை மாற்றிக்கொண்டு வந்தன. மொனாக்கோவின் சந்துகளுக்குக் குட்டை, மோன்ஸாவின் நீண்ட நேர்ச்சாலைகளுக்கு நெட்டை. 2014-இல் எட்டு கியர்களின் விகிதங்களையும் தடத்துக்குத் தடம் மாற்றாமல் பருவம் முழுவதற்கும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதில் அணிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. முன்னால் போகும் காரின் நிழலில் காற்றுத் தடை குறையும். முந்துவதற்காக அங்கே ஒட்டிக்கொண்டு வரும் கார், கியர் குட்டையாக இருந்தால் வேகம் ஏறும் நேரத்தில் சுற்று வரம்பில் இடித்து நிற்கும். முந்தக் கிடைத்த வாய்ப்பைப் பல் சக்கரம் பறித்துவிடும்.

மின்சாரக் கார்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் எளிதாக்கிவிட்டன. பெட்ரோல் என்ஜினின் திறன் ஒரு சிறு உச்சியில் இருக்கும். மின் மோட்டாரின் திறன் ஒரு மேட்டு நிலம்போல, குறைந்த சுற்றிலிருந்து அதிகச் சுற்று வரை ஏறக்குறைய சமமாகப் பரந்திருக்கும். காற்றோடு சந்திக்கும் இடம் கொஞ்சம் முன்னே பின்னே தவறினாலும் இழப்பு சிறிது. அதனால் பல மின்சாரக் கார்களில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மாறாத விகிதம் மட்டுமே இருக்கிறது. குரோஷியாவின் ரிமாக் நெவேரா 2022-இல் 412 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது, கியர் மாற்றாமல். ஆனால் அந்த ஒரே விகிதம் புறப்படும் இழுவைக்கும் உச்ச வேகத்துக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க வேண்டும். ஒன்றுக்கு ஏற்ப வெட்டினால் மற்றொன்றில் விட்டுக்கொடுக்க நேரும், அல்லது நெவேரா செய்ததுபோல அதை ஈடுகட்டும் அளவுக்கு மோட்டாரைப் பெரிதாக்க வேண்டும். போர்ஷே நிறுவனத்தார் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. டைகான் காரின் பின் அச்சில் இரண்டு கியர்கள் வைத்தார்கள்: முதலாவது நின்ற இடத்திலிருந்து பாய்வதற்கு, இரண்டாவது 260 வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு.